எட்டு நாள் கணக்கு

போன வாரம் நிலக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் எங்கள் வீட்டைத் தேடி வந்தது. கணவன், மனைவி, கல்லூரியில் படிக்கும் மகள். அந்த அம்மாவுக்குத் தைராய்டில் கட்டி. ஆபரேஷன் முடிந்துவிட்டது. அடுத்து அயோடின் மருந்து கொடுக்க வேண்டும், மூன்று நாள் தனி அறையில் இருக்க வேண்டும், யாரும் உள்ளே போகக் கூடாது என்று மதுரையில் சொல்லியிருக்கிறார்கள். அதைக் கேட்டதிலிருந்து மூன்று பேருக்கும் சோறு இறங்கவில்லை. செம்பட்டியில் ஒரு வாத்தியார் வீட்டம்மாவுக்கு இதே வைத்தியம் நடந்தது என்று யாரோ சொல்ல, பஸ் ஏறி வந்துவிட்டார்கள்.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு பாடம் நடத்தத் தயாரானேன். அதற்குள் என் மனைவி எழுந்து போய், அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்து வந்து அவர்கள் முன்னால் வைத்தாள். உள்ளே புளியங்கொட்டை.

இந்தப் பாட்டில் கதையை எழுத வேண்டும் என்று பல நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். எழுதினால் என் மானம் கொஞ்சம் போகும். அதனால்தான் தள்ளிப் போட்டேன். எழுபதைத் தாண்டிய பிறகு மானத்தைச் சேர்த்து வைத்து என்ன செய்யப் போகிறேன்? எழுதிவிடுகிறேன்.

பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்துவதுதான் என் உத்தியோகம். அணுக்கரு இயற்பியல் பாடம் புத்தகத்தின் பின்பகுதியில் வரும். அதில் அரை ஆயுட்காலக் கணக்கு ஒன்று பொதுத் தேர்வில் வந்தே தீரும் என்பது எங்கள் நம்பிக்கை. சூத்திரத்தை மனப்பாடம் செய்துவிடுவார்கள். ஆனால் அரை ஆயுள் என்றால் என்ன என்று கேட்டால் விழிப்பார்கள். ஒரு பொருளின் ஆயுள் பத்து நாள் என்றால் அரை ஆயுள் ஐந்து நாள் என்று எழுதுகிற பிள்ளைகளே அதிகம்.

அதற்காகக் கண்டுபிடித்ததுதான் இந்தப் புளியங்கொட்டை. தாயம் ஆடுவதற்கு ஒரு பக்கத்தைக் கல்லில் தேய்த்து வெள்ளையாக்குவோமே, அதே மாதிரி நூறு கொட்டைகளைப் பிள்ளைகளைக் கொண்டே தேய்த்து வைத்தேன். நூறையும் மேசையில் உருட்டிவிட வேண்டும். வெள்ளை மேலே பார்த்து விழுந்ததெல்லாம் சிதைந்த அணு, அதை எடுத்துவிட வேண்டும். மிச்சத்தை மறுபடி உருட்ட வேண்டும். ஏறக்குறைய பாதி பாதியாகக் குறைந்துகொண்டே வரும். எந்தக் கொட்டை எந்த உருட்டலில் போகும் என்று ஆண்டவனாலும் சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொரு உருட்டலிலும் பாதி போகும் என்று நான் முன்கூட்டியே சொல்லிவிடலாம். அணுக்களும் அப்படித்தான். தனி அணுவுக்கு நாள் குறிக்க முடியாது, கூட்டத்துக்குக் குறிக்கலாம். ஓய்வு பெற்றபோது இந்தப் பாட்டிலையும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

2015-ல் என் மனைவியின் கழுத்தில் ஒரு வீக்கம் தெரிந்தது. முதலில் நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு மதுரைக்குப் போய், ஊசி வைத்து எடுத்துப் பார்த்து, அக்டோபரில் ஆபரேஷன் செய்து தைராய்டை முழுவதும் எடுத்துவிட்டார்கள். புற்றுநோய்தான், ஆனால் நன்றாகக் குணமாகக்கூடிய வகை என்றார் டாக்டர். கண்ணுக்குத் தெரியாமல் அங்கங்கே தங்கியிருக்கும் தைராய்டுத் திசுக்களை அழிக்கக் கதிரியக்க அயோடின் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னார்.

கொடுப்பதற்கு முந்தைய வாரங்கள்தான் சிரமம். தினம் போடுகிற தைராய்டு மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். அவளுக்கு முகம் வீங்கியது, குரல் கம்மியது, மார்கழிக் குளிரில் இரண்டு போர்வை போதவில்லை. கடைசி இரண்டு வாரம் சாப்பாட்டில் அயோடின் கூடாது. உடம்பு அயோடினுக்கு ஏங்கிக் கிடந்தால்தான் மருந்தை முழுசாக வாங்கிக்கொள்ளுமாம். கடல் மீன் கிடையாது, கருவாடு கிடையாது, முட்டை, பால், தயிர் எதுவும் கிடையாது. காலையில் கடுங்காப்பியைக் குடித்துவிட்டு அவள் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. உப்புதான் பெரிய பாடு. அயோடின் சேர்க்காத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்கக் கூடாது என்று 2006-ல் தடை வந்த பிறகு கடையில் கிடைப்பதெல்லாம் அயோடின் உப்புதான். கடைசியில் தூத்துக்குடிப் பக்கம் வேலை பார்த்த என் பழைய மாணவன் ஒருவன், உப்பளத்துக் கல் உப்பை ஒரு பையில் கொண்டுவந்து கொடுத்தான்.

2016 ஜனவரி 6 என்று நாள் குறித்தார்கள். "தேதி மாறக் கூடாது சார். மருந்து பம்பாயிலிருந்து வருது. நாங்க வச்சிருந்து கொடுக்கிற மருந்து இல்ல" என்றார் ஆஸ்பத்திரி ஊழியர். எனக்குச் சட்டென்று புரிந்தது. தினம் நூற்றுக்கு எட்டுப் பங்கு குறைந்துகொண்டே வருகிற மருந்தை எப்படிச் சேர்த்து வைப்பார்கள்? ஒரு நாள் தாமதமானால் எட்டுப் பங்கு காற்றோடு போன மாதிரி.

அந்த மருந்து எப்படி உண்டாகிறது என்பதை இங்கே சொல்ல வேண்டும், ஏனென்றால் பாடப் புத்தகத்தில் தனித்தனியாக நடத்திய இரண்டு விஷயங்கள் அதில் ஒன்றாக இருக்கின்றன. அணுக்கரு வினையும் கதிரியக்கச் சிதைவும்.

மும்பைக்குப் பக்கத்தில் டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அங்கே 1985-லிருந்து துருவா என்ற அணு உலை இயங்கி வருகிறது. அது மின்சாரம் எடுக்கிற உலை அல்ல. ஆராய்ச்சிக்கும், இந்த மாதிரி மருந்துகளுக்கும் நியூட்ரான் தருகிற உலை. டெலூரியம் என்று ஒரு தனிமம். அதன் அணுவில் 52 புரோட்டான்கள். அதில் 78 நியூட்ரான் உள்ள வகையை உலைக்குள் வைத்தால், வந்து மோதுகிற நியூட்ரான் ஒன்றை விழுங்கிவிடும். இது அணுக்கரு வினை. விழுங்கியது அதற்குச் செரிக்காது. ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறி, ஒரு எலக்ட்ரானை வெளியே துப்பும். அந்த எலக்ட்ரானுக்குத்தான் பீட்டா துகள் என்று பெயர். இப்போது புரோட்டான் 53. 53 என்றால் அயோடின். ஒரு தனிமம் இன்னொரு தனிமமாகிவிட்டது. சித்தர்கள் தேடிய ரசவாதம், தங்கத்துக்குப் பதில் அயோடினில் நடக்கிறது.

இப்படிப் பிறக்கிற அயோடின்-131-ம் நிலையானதல்ல. அதுவும் ஒரு பீட்டா துகளையும் காமா கதிரையும் விட்டுவிட்டு செனான் என்ற வாயுவாகிவிடும். செனான் யார் வம்புக்கும் போகாத வாயு. இந்தச் சிதைவின் அரை ஆயுட்காலம் எட்டு நாள்.

தைராய்டுத் திசுவுக்கு நல்ல அயோடின், கதிரியக்க அயோடின் என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. இரண்டுக்கும் வேதியியல் குணம் ஒன்றே. ஆசையோடு இழுத்துக்கொள்ளும். உள்ளே போனதும் பீட்டா துகள் ஒன்றிரண்டு மில்லி மீட்டர் தூரம்தான் பாயும். அந்தத் தூரத்துக்குள் இருக்கும் திசுவை அழித்துவிட்டு நின்றுவிடும். காமா கதிர் அப்படியல்ல, உடம்பைத் தாண்டி வெளியே வரும். தனி அறையில் வைப்பது அந்தக் காமாவுக்காகத்தான்.

இந்த அயோடினை 1938-ல் அமெரிக்காவில் கண்டுபிடித்தவர்கள் லிவிங்குட், சீபோர்க் என்ற இருவர். சீபோர்க்கின் தாயாருக்கே பின்னாளில் தைராய்டு நோய் வந்து, மகன் கண்டுபிடித்த அயோடினே வைத்தியத்துக்குப் பயன்பட்டது. இதை நான் வகுப்பில் ஆண்டுதோறும் சொல்லுவேன். பிள்ளைகள் கை தட்டுவார்கள்.

எங்களுக்குக் கொடுத்த அளவு 100 மில்லிகியூரி. நொடிக்கு 370 கோடி அணுக்கள் சிதைகிற அளவு. ஆனால் அதன் எடை ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஈயக் குடுவைக்குள்ளிருந்து ஒரு சின்ன மாத்திரை வெளியே வந்தது. அவள் அதைத் தண்ணீரோடு விழுங்கினாள். கதவு மூடியது.

மூன்று நாள். சாப்பாட்டைக் கதவருகே வைத்துவிட்டு வந்துவிடுவார்கள். கேமரா வழியாக நர்ஸ் பார்த்துக்கொள்வார். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள், உடம்பு இழுத்துக்கொள்ளாத அயோடின் சிறுநீரில் போய்விடும் என்பதற்காக. கழிப்பறையில் இரண்டு முறை தண்ணீர் விட வேண்டும். அந்தக் கழிவு நேராகச் சாக்கடைக்குப் போகாது. தனித் தொட்டியில் கதிர் அடங்கும்வரை கிடக்கும். எச்சில் சுரப்பிகளுக்காகப் புளிப்பு மிட்டாய் கொடுத்திருந்தார்கள். "பேத்திக்கு வாங்கிக் கொடுக்கிற மிட்டாயை நான் தின்னுக்கிட்டிருக்கேன்" என்று போனில் சிரித்தாள்.

ஒருவர் கையில் மீட்டரோடு வந்து, ஒரு மீட்டர் தூரத்தில் நின்று அளப்பார். நான் வாத்தியார் புத்தியில் அதை டைரியில் குறித்துக்கொண்டேன். முதல் நாள் மாலை 200-க்குப் பக்கத்தில். மூன்றாம் நாள் காலை 18. "போதும் சார், கூட்டிட்டுப் போகலாம்" என்றார். ஒரு தாளில் எழுதியும் கொடுத்தார்கள். ஒரு வாரம் தனியாகப் படுக்க வேண்டும். பெரியவர்கள் ஒரு மீட்டர் தள்ளி இருந்தால் போதும். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் மூன்று வாரம் நெருங்கக் கூடாது. அவ்வளவுதான்.

இங்கேதான் என் கதை ஆரம்பம்.

ஒரு வாரம் மாடி அறையில் படுத்தேன். தாளில் இருந்ததே அதுதான். இரண்டாம் வாரமும் மாடியிலேயே படுத்தேன். மூன்றாம் வாரமும். அவள் டம்ளரைத் தனியாகக் கழுவி வைத்தேன். அவள் உட்கார்ந்து எழுந்த நாற்காலியில் உட்காராமல் திண்ணைக்குப் போய்விடுவேன். தைப்பூசத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் எங்கள் ஊர் வழியாக ராத்திரி பகலாக நடந்துகொண்டிருந்தார்கள். திண்ணையில் உட்கார்ந்து அவர்களைப் பார்ப்பது ஒரு சாக்கு. அவள் உள்ளே இருந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததை, அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று நான் எடுத்துக்கொண்டேன்.

பிப்ரவரியில்தான் பழையபடி கீழே வந்தேன். மாத்திரையை மறுபடி ஆரம்பித்ததால் அவள் முகமும் குரலும் திரும்பியிருந்தன.

மார்ச் 10-ஆம் தேதி பேத்திக்குக் காதுகுத்து. வத்தலக்குண்டுப் பக்கம் மாப்பிள்ளை வீட்டார் குலதெய்வம் கோயிலில் வைத்திருந்தார்கள். மருந்து சாப்பிட்டு 64-ஆம் நாள். மூன்று வாரம் என்றது எப்போதோ கடந்துவிட்டது. ஆனாலும் சின்னப் பிள்ளை என்பதால் அதுவரை மகளை வரவேண்டாம் என்றே சொல்லி வைத்திருந்தோம். இரண்டு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் அவள் பேத்தியைப் பார்க்கிறாள். தாய்மாமன் சீர்த் தட்டுகளை இறக்கி வைத்துவிட்டு நேரே போய்க் கையை நீட்டினாள். குழந்தையும் அம்மாச்சியை அடையாளம் தெரிந்து தாவியது.

சம்பந்தி வீட்டில் வயதான ஓர் அம்மா. கெட்டவர் அல்ல. குழந்தைமேல் உள்ள பாசத்தில்தான் கேட்டார். "வாத்தியாரய்யா, சம்பந்தியம்மாவுக்குக் கரண்டு மருந்து கொடுத்திருக்காங்களாமே. பச்சப் பிள்ளையத் தூக்கலாமா? நீங்க சயின்ஸ் படிச்சவங்க, நீங்களே சொல்லுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் சொன்னேன்: "எதுக்கும் கொஞ்சம் ஜாக்கிரதையா இருந்துக்குவோம்."

ஏன் சொன்னேன் என்று எத்தனையோ முறை என்னையே கேட்டுப் பார்த்திருக்கிறேன். சபையில் வாதம் வேண்டாம் என்று நினைத்தேனா, நாளைக்குக் குழந்தைக்குச் சளி பிடித்தாலும் இதைச் சொல்வார்களே என்று பயந்தேனா, இல்லை எனக்கே உள்ளுக்குள் பயம் இருந்ததா? மூன்றும்தான். அவள் நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். "எனக்கும் லேசாத் தலை சுத்துது" என்று சொல்லிவிட்டு வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்டு அழுத சத்தம் அங்கே வரை கேட்டிருக்கும்.

அன்று ராத்திரி வீட்டுக்கு வந்ததும் அவள் படுக்கவில்லை. அது புளி அடிக்கிற காலம். சாக்கில் வந்திருந்த புளியை முற்றத்தில் கொட்டி, அரிவாள்மணையை வைத்துக்கொண்டு கொட்டை எடுக்க உட்கார்ந்துவிட்டாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ரொம்ப நேரம் கழித்துச் சொன்னாள்.

"முப்பது வருசமா ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கணக்குச் சொல்லிக் கொடுத்தீங்க. அங்க அவங்களுக்கு ஒரு கணக்குச் சொல்லியிருக்கலாம்ல?"

கொஞ்சம் நிறுத்திவிட்டு, "தாள்ல ஒரு வாரம்னுதான் போட்டிருந்துச்சு. நீங்க மாடியில இருபத்தஞ்சு நாள் படுத்தீங்க. நான் எண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றாள்.

எனக்குப் பதில் வரவில்லை. எழுந்து போய் இந்த ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்து வந்தேன். நூறு கொட்டையையும் அவள் முன்னால் கொட்டினேன். "ஒரு உருட்டல் எட்டு நாள். வெள்ளை விழுந்ததை எடுத்துப் போடு" என்றேன். முதலில் பேசாமல் பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இரண்டு கையாலும் அள்ளி உருட்டினாள்.

53 மிச்சம். அடுத்த உருட்டலில் 27. அடுத்து 12. அடுத்து 7. பிறகு 3. பிறகு 1. அந்த ஒரு கொட்டை அடுத்த உருட்டலில் கறுப்பாகவே விழுந்து நின்றது. "இது போக மாட்டேங்குதே" என்றாள். "சிலது அப்படித்தான். அதை யாரும் கட்டளை போட முடியாது" என்றேன். எட்டாவது உருட்டலில் அதுவும் வெள்ளையாக விழுந்தது. எட்டு எட்டு, 64. அன்றைக்கு அதே 64-ஆம் நாள்.

காதுகுத்து அழைப்பிதழின் பின்பக்கத்தில் கணக்கையும் எழுதிக் காட்டினேன். எட்டு முறை பாதியானால் 256-ல் ஒரு பங்கு. அதுவும் மருந்து முழுவதும் உடம்பிலேயே தங்கியிருந்தால்தான். மீட்டர் 200-லிருந்து 18-க்கு மூன்றே நாளில் இறங்கியதே, அது எட்டு நாள் கணக்கினால் மட்டும் வந்ததல்ல. சிதைவினால் மட்டும் என்றால் மூன்று நாளில் கால் பங்குகூடக் குறையாது. பெரும்பகுதி சிறுநீரில் போய்விட்டது. பதினொன்றில் ஒரு பங்கோடுதான் அவள் வீட்டுக்கே வந்தாள். அதற்குப் பிறகு 61 நாள். எல்லாம் சேர்த்தால் காதுகுத்து அன்று இரண்டாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. குழந்தையை மடியில் வைத்துக் கொஞ்ச ஒரு தடையும் இல்லை.

"இதத் தெரிஞ்சுக்கிட்டே சொன்னீங்களா?" என்றாள்.

"தெரியும். அந்த நேரத்துல நம்பல" என்றேன். அதுதான் உண்மை. கரும்பலகையில் சாக்பீஸால் எழுதும்போது அயோடின்-131 எனக்கு வெறும் எழுத்தாக இருந்தது. என் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தபோது, படிக்காதவர்களுக்கு இருக்கிற பயம் அத்தனையும் எனக்கும் இருந்தது. அவர்களாவது கேட்டுத் தெரிந்துகொள்ள நினைத்தார்கள். எனக்குக் கேட்கவும் வெட்கம்.

மறுநாள் காலையில் சம்பந்தி வீட்டுக்குப் போன் போட்டேன். அந்தப் பெரியம்மா, "நீங்கதானய்யா ஜாக்கிரதையா இருக்கணும்னு சொன்னீங்க" என்றார். "ஆமாம்மா, நான் தப்பாச் சொல்லிட்டேன்" என்றேன். அந்த ஞாயிற்றுக்கிழமை தேனிக்குப் போய், மகள் வீட்டில், எல்லோரும் பார்க்கப் பேத்தியை நானே தூக்கி அவள் மடியில் வைத்தேன். அந்தப் பெரியம்மாதான் முதலில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இதை வைத்துக் கதிரியக்கம் என்றால் ஒன்றுமே இல்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. டெல்லி மாயாபுரியில் 2010-ல் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். ஓர் ஆய்வகத்தில் 1985-லிருந்து சும்மா கிடந்த கருவியைப் பழைய இரும்புக்கு ஏலம் விட்டார்கள். உள்ளே கோபால்ட்-60 இருந்தது. அதன் அரை ஆயுட்காலம் ஐந்தேகால் ஆண்டுக்குச் சற்று அதிகம். சும்மா கிடந்த அந்த இருபத்தைந்து ஆண்டில் 27-ல் ஒரு பங்காகக் குறைந்திருக்கும். அந்த ஒரு பங்கே, அதை உடைத்த பழைய இரும்புக் கடையில் ஓர் உயிரைக் குடித்தது. பலரை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தது. எவ்வளவு இருந்தது, அரை ஆயுள் எவ்வளவு, எத்தனை நாள் ஆயிற்று, எவ்வளவு தூரத்தில் நிற்கிறோம். இந்த நாலையும் கேட்டுவிட்டுத்தான் பயப்படலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டும். கோபால்ட்டுக்குப் பயப்படச் சொன்ன அதே கணக்குத்தான் என் மனைவியைப் பேத்தியைத் தூக்கச் சொன்னது.

சித்திரையில் பழனிக்குப் போனோம். கழுத்து குணமானால் வருகிறேன் என்று வேண்டியிருந்தாள். திரும்பும்போது பஸ் நின்ற இடத்தில் மலைவாழைப்பழம் வாங்கினாள். விருப்பாச்சிப் பழம். அப்போது நான் அவளிடம் பொருந்தல் கதையைச் சொன்னேன்.

பழனிக்குத் தென்மேற்கே மலையடிவாரத்தில் இருக்கிறது பொருந்தல். புதுச்சேரிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. ராஜன் 2009, 2010-ல் அங்கே அகழாய்வு செய்தார். பழங்காலக் கல்லறை ஒன்றில் நாலுகால் சாடி ஒன்று. அதற்குள் இரண்டு கிலோ அளவுக்கு நெல். அந்த நெல்லை அமெரிக்காவில் ஒரு ஆய்வகத்துக்கு அனுப்பி வயதைக் கேட்டார்கள். கி.மு. 490 என்று வந்தது.

நெல் எப்படி வயதைச் சொல்லும்? வானத்தில் ஓயாமல் ஓர் அணுக்கரு வினை நடந்துகொண்டிருக்கிறது. விண்வெளியிலிருந்து வரும் கதிர்களால் உண்டாகிற நியூட்ரான்கள் காற்றிலுள்ள நைட்ரஜனை மோதி, அதைக் கார்பன்-14 ஆக்குகின்றன. அது கரியமில வாயுவோடு கலந்து பயிருக்குள் போகிறது. பயிரைத் தின்கிற நமக்குள்ளும் வருகிறது. உயிரோடு இருக்கும்வரை குறையக் குறைய நிரம்பிக்கொண்டே இருக்கும். அறுத்த அன்றோடு வரத்து நின்றுவிடும், செலவு மட்டும் நடக்கும். அதன் அரை ஆயுட்காலம் 5730 ஆண்டு. பொருந்தல் நெல்லில் நூறு இருந்த இடத்தில் 74 அளவுக்குத்தான் மிச்சம் இருந்திருக்கும். அந்தக் குறைவை அளந்தால் சுமார் இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டு என்று தெரிந்துவிடுகிறது. யாரோ ஒருவர் செத்துப் போனவருக்குப் பசிக்குமே என்று வைத்த நெல். எந்த அணு எப்போது போகும் என்று தெரியாத கூட்டம், நூற்றாண்டுக் கணக்கில் தவறாமல் மணி காட்டியிருக்கிறது.

அவள் பழத்தை உரித்துக்கொண்டே கேட்டாள். "அப்ப நாம திங்கிற சோத்துலயும் இருக்கா?"

"சோத்துல இருக்கு. இந்தப் பழத்துலயும் இருக்கு. பழத்துல பொட்டாசியம் இருக்குல்ல, அதுல கொஞ்சம் பொட்டாசியம்-40. ஒரு பழத்துல நொடிக்குப் பத்துப் பதினஞ்சு அணு சிதையும். நம்ம உடம்புல பொட்டாசியமும் கார்பனும் சேர்ந்து நொடிக்கு ஆறாயிரம் ஏழாயிரம் சிதையுது. பிறந்ததுலேர்ந்து அப்படித்தான்."

கொஞ்ச நேரம் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு சொன்னாள்: "அப்ப உங்க உடம்புலயும் கரண்டு இருந்துச்சு. என்னை மட்டும் தள்ளி உக்கார வச்சீங்க."

பழத்தில் பாதியைப் பிட்டு என்னிடம் நீட்டினாள். நான் வாங்கிக்கொண்டேன்.

இப்போது அவளுக்கு ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதனை, தினம் காலையில் ஒரு மாத்திரை, அவ்வளவுதான். பேத்தி பள்ளிக்கூடம் போகிறாள். லீவுக்கு வந்தால் அம்மாச்சி பக்கத்தில்தான் படுக்கை.

போன வாரம் வந்த குடும்பத்தைச் சொன்னேன் அல்லவா? அந்த மகள்தான் புளியங்கொட்டையை உருட்டினாள். ஏழாவது உருட்டலில் காலியாகிவிட்டது. அந்த அம்மா முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது. உப்பு எங்கே வாங்குவது, கடுங்காப்பியில் என்ன போட்டால் குடிக்கலாம், தனி அறைக்கு என்ன கொண்டுபோவது என்றெல்லாம் என் மனைவி சொல்லிக் கொடுத்தாள். பேசாமல் இருந்த கணவரைப் பார்த்துக் கடைசியாக ஒன்று சொன்னாள்.

"தாள்ல எத்தனை நாள் போட்டிருக்காங்களோ, அத்தனை நாள் கண்டிப்பாத் தள்ளி இருங்க தம்பி. ஒரு நாள் குறைக்காதீங்க. ஆனா மறுநாள் காலையில, நீங்களே போய்ப் பக்கத்துல உக்காருங்க. அவங்க கூப்பிடுற வரைக்கும் காத்திருக்காதீங்க."

நான் பாட்டிலை மூடி அலமாரியில் வைத்துவிட்டு, அவர்களுக்குக் காப்பி போடப் போனேன்.